சற்றுத் தளர்த்தி இறுக்குங்கள்



இந்த மாதம் ஒரு பழைய காரின் இன்ஜினைப்பற்றி எழுதப்போகிறேன். "போதகர் ஏன் மெக்கானிக் வேலையைப்பற்றி எழுதுகிறார்?" என்று நீங்கள் கேட்கலாம். வேதாகமக் கல்லூரியில் நான் கற்றுக்கொள்ளத் தவறிய ஒரு பாடத்தைத் தேவன் ஒரு கார் கொட்டகையில் எனக்குக் கற்பித்தார். அந்தப் பாடத்தை நான் இரண்டுமுறை படிக்கவேண்டியதாயிற்று. முதல்முறை ஒரு இன்ஜின் பழுதானது. இரண்டாம்முறை என் குடும்பமே பழுதடையும் நிலைக்கு வந்தது. இதில் என் மகனைப்பற்றியும் எழுதுகிறேன். அவனுடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

கோலாகாட்டில் நின்ற கார்

கொல்கத்தாவில் நான் ஊழியம் செய்துவந்த காலத்தில், ஊருக்குத் திரும்பிச் சென்ற ஒரு விசுவாசக் குடும்பத்தார் தங்கள் அம்பாசிடர் காரை ஊழியத்துக்கென்று கொடுத்துவிட்டுப் போனார்கள். 1968-ஆம் ஆண்டு மாடல். கொல்கத்தாவுக்கு அருகே, ஊக்ளி மாவட்டத்து உத்தர்பாராவில் தயாரான வண்டி அது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி 1957 முதல் 2014 வரை அங்கே அம்பாசிடர் தயாரிக்கப்பட்டது. எங்கள் வண்டியில் இருந்தது 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு.

அந்த வண்டியைப் பராமரித்தவர் எங்கள் சபையின் மூப்பர் ஒருவர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து இளவயதில் கொல்கத்தாவுக்கு வந்து, மெக்கானிக் தொழிலிலேயே நரைத்தவர். நாங்கள் எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றே அழைப்போம்.

2004-ஆம் ஆண்டு. மகளின் திருமணத்துக்காக அண்ணாச்சி ஊருக்குப் போயிருந்தார். அந்த நேரத்தில் ஹெட் கேஸ்கெட்டில் இலேசான கசிவு தெரிந்தது. திங்கட்கிழமை கரக்பூரில் ஜெபக்கூட்டம். அண்ணாச்சி வரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. அவர் ஹெட்டைக் கழற்றிப் பூட்டுவதை இரண்டுமுறை பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். எனக்கும் தெரியும் என்று எண்ணிக்கொண்டேன். சனிக்கிழமை இரவு ஹெட்டைக் கழற்றினேன். புதிய கேஸ்கெட்டை வைத்தேன். ரேடியேட்டர் பக்கம் முதலாவதாகக் கைக்கு எட்டிய நட்டிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாக முழுப்பலத்தோடு இறுக்கிக்கொண்டே பின்பக்கம்வரை போனேன். ஸ்பானரின் கைப்பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி நீளமாக்கிக்கொண்டு இறுக்கினேன். பலமாக இறுக்கினால் பலமாக இருக்கும் என்பதே அன்றைய என் ஞானம்.

திங்கட்கிழமை நானும் என் மனைவியும், நான்கு வயது மகனும், கைக்குழந்தையான மகளும் புறப்பட்டோம். ரூப்நாராயண் நதிக்கரையிலுள்ள கோலாகாட்டை நெருங்கும்போது, வெப்பமானியின் முள் கடைசிக் கோட்டைத் தாண்டிவிட்டது. பானெட்டின் இடுக்கிலிருந்து வெண்ணிற ஆவி எழும்பிற்று. சித்திரை வெயிலில், லாரிகள் உறுமிச்செல்லும் நெடுஞ்சாலையோரம் குடும்பமாக நின்றோம். கரக்பூரில் ஜனங்கள் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். நானோ காரைத் திட்டிக்கொண்டிருந்தேன். என் மகன் குடிதண்ணீர் பாட்டிலை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு தள்ளாடி வந்து, "அப்பா, காருக்குத் தண்ணி குடுங்க" என்றான்.

கேஸ்கெட் சொன்ன சாட்சி

ஊரிலிருந்து திரும்பிய அண்ணாச்சி ஹெட்டைக் கழற்றினார். ஒரு வார்த்தையும் கடிந்து சொல்லவில்லை. கேஸ்கெட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். முன்பக்கம் நசுங்கித் தகடாயிருந்தது. பின்பக்கமோ சரியாக அழுத்தப்பட்ட அடையாளமே இல்லை. நான்காவது சிலிண்டரின் வட்டத்திலிருந்து தண்ணீர்த் துவாரம்வரை கறுப்பாக ஒரு தடம் ஓடியிருந்தது. எரிந்த வாயு அந்த வழியே தண்ணீருக்குள் புகுந்திருக்கிறது. முன்பக்கத்து ஸ்டட் ஒன்றின் மரை இழுபட்டுக் கெட்டிருந்தது.

அவர் சொன்னார்: "பாஸ்டர் ஐயா, நீங்க இறுக்குனது பத்தாம இது போகலை. ஒரு பக்கம் ரொம்ப இறுக்கிட்டீங்க. அதனாலதான் மறுபக்கம் போச்சு."

பிரியமானவர்களே, ஹெட் கேஸ்கெட்டின் வேலை சாதாரணமானதல்ல. பெட்ரோல் எரியும்போது சிலிண்டருக்குள் வாயுவின் வெப்பம் 2000 பாகை செல்சியஸையும் தாண்டுகிறது. அழுத்தமோ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப்போலப் பல பத்து மடங்கு. அதற்குச் சில மில்லிமீட்டர் தொலைவிலேயே குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிறது, எண்ணெயும் ஓடுகிறது. நெருப்பும் தண்ணீரும் எண்ணெயும் ஒன்றோடொன்று கலவாதபடி காப்பது அந்த மெல்லிய தகடுதான். அதற்குப் பலம் தன்னிலிருந்து வருவதில்லை. தன்மேல் எங்கும் ஒரே சீராக விழும் அழுத்தத்திலிருந்தே வருகிறது.

அண்ணாச்சி கற்பித்த முறை

அன்று அண்ணாச்சி என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்துகாட்டியதை, பழைய வண்டி வைத்திருக்கும் சகோதரருக்குப் பயன்படும்படி அப்படியே எழுதுகிறேன்.

முதலாவது, சுத்தம். "ஹெட் போல்ட்" என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், இந்த இன்ஜினில் பிளாக்கில் நிற்கும் ஸ்டட்களும் அவற்றின்மேல் பூட்டும் நட்டுகளுமே இருக்கின்றன. மரைகளைச் சுத்தமாக்கி, ஓரிரு துளி எண்ணெய் இடவேண்டும். நாம் ஸ்பானரில் செலுத்தும் பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை இழுத்துப் பிடிக்கிறது. மீதியெல்லாம் மரையிலும் நட்டின் அடியிலும் உண்டாகும் உராய்வுக்கே போய்விடுகிறது. மரை அழுக்காயிருந்தால் அந்தப் பத்தில் ஒரு பங்கும் குறைந்துபோகும். கை வலிக்கும், இறுக்கம் இராது. ஹெட்டின் அடிப்பரப்பு வளைந்திருக்கிறதா என்று நேர்விளிம்புச் சட்டத்தையும் ஃபீலர் கேஜையும் வைத்துப் பார்க்கவேண்டும். பழைய கேஸ்கெட்களில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அவற்றை உலர்ந்த நிலையில் சுரண்டித் தூசியைச் சுவாசிக்காதேயுங்கள். நனைத்துவிட்டு எடுங்கள்.

இரண்டாவது, ஒழுங்கு. இந்த இன்ஜினின் ஹெட்டைப் பிடித்திருப்பவை பதினோரு நட்டுகள். அவற்றில் நான்கு, ராக்கர் ஷாஃப்ட்டின் தாங்கிகளையும் சேர்த்துப் பிடிக்கின்றன. ஆகையால் ராக்கரை மட்டும் கழற்றுகிறோம் என்று அந்த நான்கைத் தளர்த்தினாலும் ஹெட் ஒருபுறமாக இழுபடும். தண்ணீர் உள்ளே இறங்கும். ரேடியேட்டர் தண்ணீரை முதலில் வடித்து, மற்ற ஏழையும் சேர்த்தே தளர்த்தவேண்டும். கழற்றும்போது ஓரங்களிலிருந்து நடுவுக்கு வரவேண்டும். பூட்டும்போது நடுவில் தொடங்கி, இருபுறமும் மாறிமாறி ஓரங்களுக்குப் போகவேண்டும். அப்போதுதான் கேஸ்கெட் நடுவிலிருந்து வெளியே சீராகப் படியும்.

மூன்றாவது, படிப்படியாக. ஒரே சுற்றில் எந்த நட்டையும் முழு அளவுக்குக் கொண்டுபோகக்கூடாது. முதல் சுற்றில் எல்லாவற்றையும் மூன்றில் ஒரு பங்குக்கு. இரண்டாம் சுற்றில் எல்லாவற்றையும் மூன்றில் இரண்டு பங்குக்கு. மூன்றாம் சுற்றில்தான் முழு அளவுக்கு. இந்த வகை இன்ஜின்களுக்கு முழு அளவு பொதுவாக 40 முதல் 50 பவுண்டு-அடிக்குள், அதாவது ஏறக்குறைய 5.5 முதல் 7 கிலோகிராம்-மீட்டருக்குள் வரும். ஆனாலும் உங்கள் மாடலின் கையேட்டில் குறித்திருப்பதே இறுதி அளவு. அதை டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் பார்க்கவேண்டும். குழாய் செருகிய ஸ்பானருக்கு அளவு தெரியாது. ஸ்டட் என்பது ஒருவகையில் மிகக் கடினமான ஒரு ஸ்பிரிங். அளவோடு இழுத்தால் அது தன் நிலைக்குத் திரும்ப முயன்று, ஹெட்டைப் பிடித்துக்கொண்டேயிருக்கும். அளவுக்குமேல் இழுத்தால் நீண்டுபோய்த் தன் பிடிப்பையே இழந்துவிடும்.

நான்காவது, திரும்ப வருதல். அன்று மாலையிலேயே வேலை முடிந்துவிடுவதில்லை. பழைய வகைக் கேஸ்கெட் சூடேறி, குளிர்ந்து, மறுபடி சூடேறும்போது இன்னும் சற்று அமர்கிறது. அதனால் சுமார் 500 கிலோமீட்டர் ஓடியபின், இன்ஜினை நன்றாக ஆறவிட்டு, அதே வரிசையில் மறுபடியும் இறுக்கவேண்டும். ஹெட் கீழே அமர்ந்தால் வால்வு இடைவெளியும் குறைந்துவிடும். ஆகையால் அதையும் சரிபார்க்கவேண்டும். இப்போது விற்கும் சில கேஸ்கெட்களுக்கு இந்த மறு இறுக்கம் தேவையில்லை. உறையில் எழுதியிருப்பதைப் படித்துச் செய்யுங்கள்.

அன்று இதையெல்லாம் கேட்டபோது, நெகேமியாவின் புஸ்தகம் எனக்கு நினைவுக்கு வந்தது. எருசலேமின் அலங்கத்தை அவர்கள் ஒரு முனையில் உச்சிவரை கட்டிவிட்டுப் பிறகு மறுமுனைக்குப் போகவில்லை. அவர்களில் பலர் தங்கள் வீடுகளுக்கு எதிரேயிருந்த பங்கைக் கட்டினார்கள். நான்காம் அதிகாரத்தில் பார்க்கிறோம்: அலங்கம் முழுவதும் முதலில் பாதி உயரத்துக்கு ஒன்றாக இணைந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதையே பிரசங்கித்தேன். சபையார் ஆமென் சொன்னார்கள். பாடத்தைக் கற்றுக்கொண்டேன் என்றே நினைத்தேன்.

இரண்டாம் முறை

ஆண்டுகள் கடந்தன. 2018-இல் என் மகனுக்குப் பதினெட்டு வயது. கல்லூரி நண்பர்களோடு ஒரு இசைக்குழுவில் கிட்டார் வாசிக்கத் தொடங்கினான். சில ஞாயிறுகளில் ஆராதனைக்கு வரவில்லை. போதகரின் மகன் அல்லவா? விசுவாசிகள் சிலர் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்கள். எனக்கு வெட்கமாயிருந்தது. இங்கே நான் உண்மையை எழுதவேண்டும்: அவனுடைய ஆத்துமாவைக்குறித்த பாரத்தைவிட என் பெயரைக்குறித்த பயமே அன்று எனக்குள் அதிகமாயிருந்தது.

அவனோடு தனியாக உட்கார்ந்து பேசவில்லை. அவன் என்ன பாடுகிறான் என்றுகூடக் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரசங்கத்தின் நடுவில், சபை முழுவதற்கும் முன்பாக அவன் பெயரைச் சொல்லி எழுந்து நிற்கச்செய்து எச்சரித்தேன். ஒரே சுற்றில், முழுப்பலத்தோடு, குழாய் செருகிய ஸ்பானரால் இறுக்கினேன். பக்கத்திலிருந்த நட்டு அவன்தான். அதனால் அவனை இறுக்கினேன்.

அவன் எதிர்த்துப் பேசவில்லை. படிப்பை முடித்ததும் பூனாவில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டான். என்னோடு பேசுவதை நிறுத்தினான்.

கசிவோ நான் நினையாத இடத்தில் தொடங்கிற்று. பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்த என் மகள், பாடுவதை விட்டுவிட்டாள். காரணம் கேட்டேன். "எனக்கும் ஒருநாள் அப்படித்தானேப்பா நடக்கும்?" என்றாள். என் மனைவி வீட்டில் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். நான் ஒரு முனையை இறுக்கினேன், மறுமுனை திறந்துகொண்டது. கோலாகாட்டில் கண்ட அதே பழுதுதான். நானோ அதை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. பிள்ளைகள் மனமுடைந்துபோகும்படி தகப்பன்மார் அவர்களை எரிச்சலூட்டக்கூடாது என்று பவுல் கொலோசெயருக்கு எழுதியதை எத்தனையோ குடும்பங்களுக்குப் போதித்தவன் நான்.

பொய் சொல்லும் சத்தம்

2021-ஆம் ஆண்டு அந்தக் காரின் ஹெட்டை மறுபடியும் திறக்கவேண்டியதாயிற்று. அண்ணாச்சிக்கு அப்போது கை நடுக்கம் வந்துவிட்டது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்ல, நான் செய்தேன். 500 கிலோமீட்டர் ஓடியபின் மறு இறுக்கத்துக்காக ஒரு சனிக்கிழமை கொட்டகைக்குப் போனோம்.

டார்க் ரெஞ்ச்சை நடு நட்டில் வைத்து இழுத்தேன். நட்டு அசையவில்லை, "கிளிக்" என்று சத்தம் கேட்டது. "அளவு சரியா இருக்கு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகப்பார்த்தேன்.

அண்ணாச்சி கையை உயர்த்தினார். "இருங்க ஐயா. அது இறுக்கத்தோட சத்தம் இல்லை. மரை ஒட்டிப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. அந்தப் பிடிப்போட சத்தம். உள்ளே ஸ்டட் தளர்ந்திருந்தாலும் ரெஞ்ச் கிளிக்குன்னுதான் சொல்லும். முதல்ல கொஞ்சம் தளர்த்துங்க. ஒண்ணை மட்டும், கால் சுத்து. அப்புறம் மெதுவா இறுக்கிக்கொண்டு வாங்க."

தளர்த்தினேன். பிடித்திருந்த நட்டு "டக்" என்று விடுபட்டது. மறுபடி இறுக்கியபோது, முன்பு நின்ற இடத்தைத் தாண்டிச் சற்றுத் தூரம் திரும்பியபிறகே கிளிக் சத்தம் வந்தது.

அண்ணாச்சி என் மகனைப்பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆவியானவரோ சொன்னார். மூன்றாண்டுகளாக நான் வைராக்கியம் என்று எண்ணிக்கொண்டிருந்தது, வெறும் ஒட்டிப்போன மரையின் சத்தம் என்று அந்தக் கொட்டகையிலேயே உணர்ந்தேன். நான் உறுதியாக நிற்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் கை அசையவில்லை, அவ்வளவுதான். உள்ளே எந்தப் பிடிப்பும் மீதியாயிருக்கவில்லை. மீதிப் பத்து நட்டுகளையும் அதேவிதமாக, ஒன்றைத் தளர்த்தி அதை இறுக்கியபின்பே அடுத்ததைத் தொட்டு, முடித்தேன். முடிக்கும்போது கண்ணீர் விழுந்தது. அண்ணாச்சி பார்க்காததுபோல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றிரவு மகனுக்குத் தொலைபேசியில் பேசினேன். "சபைக்கு முன்னால் உன்னை நிற்கவைத்தது தப்பு. அதை நான் உன் நன்மைக்காகச் செய்யவில்லை. என் மானத்துக்காகச் செய்தேன். என்னை மன்னித்துவிடு" என்றேன். வேறு புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத்தான் நாவு துடித்தது, அடக்கிக்கொண்டேன்.

அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "கார் இப்ப ஓடுதாப்பா?" என்று கேட்டான்.

"ஓடுது" என்றேன்.

"கோலாகாட்டில் நான் தண்ணி கொண்டுவந்ததை அம்மா அடிக்கடி சொல்லுவாங்க. அப்ப அண்ணாச்சி தாத்தாகிட்ட 'தப்பு என்னோடது'ன்னு நீங்க சொன்னீங்களாமே. அதையும் அம்மா சொல்லியிருக்காங்க" என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எந்தச் சபைக்கு முன்பாக அவனை நிறுத்தினேனோ அதே சபைக்கு முன்பாக நான் நின்று, என் தவற்றை அறிக்கையிட்டேன். சில மூப்பர்களுக்கு அது பிடிக்கவில்லை. என் மகளோ இரண்டு வாரம் கழித்துப் பாடகர் குழுவில் தன் இடத்தில் வந்து நின்றாள்.

எல்லாம் சீராகிவிட்டது என்று சாட்சி எழுத எனக்கு இன்னும் வேளை வரவில்லை. அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு அவன் வந்தான். ஆராதனையில் கடைசி வரிசையில் உட்கார்ந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது வாரம் ஒருமுறை பேசுகிறோம். சிலநாள் அவனே, "எனக்காக ஜெபம் பண்ணுங்கப்பா" என்கிறான். கேஸ்கெட் அமர்ந்துகொண்டிருக்கிறது. நான் அவசரப்படுத்தவில்லை.

உங்கள் வீட்டில்

பிரியமான பெற்றோரே, ஊரைவிட்டு மொழி தெரியாத நகரத்துக்கு வந்து, ஒற்றை அறையில் குடியிருந்து, பிள்ளைகளை ஆளாக்கப் பாடுபடுகிறவர்கள் நீங்கள். அந்த நகரம் அவர்களை இழுத்துக்கொண்டு போய்விடுமோ என்ற பயம் உங்களுக்கு உண்டு. அந்தப் பயம் நியாயமானதே. ஆனால் பயந்தவனின் கை அளவுக்குமேல் இறுக்கும். கட்டுப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இறுக்காத ஹெட் ஒரு கிலோமீட்டர்கூட ஓடாது. ஆனால் கைக்கு எட்டிய பிள்ளையை மாத்திரம் இறுக்குகிறீர்களா, அல்லது உங்களையும் சேர்த்து வீடு முழுவதையும் ஒரே சீராகக் கர்த்தருக்குள் கொண்டுவருகிறீர்களா? ஒரே நாளில் எல்லாவற்றையும் எதிர்பார்க்கிறீர்களா? ஒருமுறை கண்டித்தபின், சூடு ஆறின ஒரு வேளையில் அவனிடம் திரும்பிப் போனீர்களா?

உங்கள் வீட்டில் ஒட்டிப்போன ஒரு நட்டு இருக்குமானால், இன்னும் பலமாக இழுக்காதேயுங்கள். இன்று இரவே கால் சுற்றுத் தளர்த்துங்கள். "நான் செய்தது தவறு" என்ற ஒரு வார்த்தை போதும். தளர்த்துவது தோல்வியல்ல. சரியான அளவுக்கு இறுக்குவதற்கு அதுவே வழி.

எங்கள் அன்பின் பரமபிதாவே, எங்கள் கைகளின் பலத்தை நம்பி எங்கள் பிள்ளைகளைக் காயப்படுத்தினோம், மன்னியும். எப்போது பிடிக்கவேண்டும், எப்போது தளர்த்தவேண்டும் என்று எங்களுக்குப் போதியும். தூரமாய்ப் போயிருக்கிற எங்கள் பிள்ளைகளை நீரே பிடித்துக்கொள்ளும். எங்கள் வீடுகளை உம்முடைய அன்பினால் இசைவாய் இணைத்தருளும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.